கோமதியின் அரை மணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு பெரிய தப்பு செய்தோம். பதினொன்றில் நானும் ஒருவன். சொல்லப்போனால், தலைமை தாங்கியதே நான்தான்.

எங்கள் ஊர் வானொலியில் அன்று நாள் முழுக்கக் கர்நாடக சங்கீதமும் கலை, பண்பாட்டுப் பேச்சுகளும். காலை ஆறு மணிக்கு நாகஸ்வரத்தில் ஆரம்பித்து இரவு பத்து வரைக்கும். விளம்பரம் கிடையாது, பரிசுப்போட்டி கிடையாது. தாமிரபரணிப் படித்துறைகளைப் பற்றி ஒருவர் பேசுவார்... பிறகு புல்லாங்குழல். கோயில் தூண்களைப் பற்றி ஒருவர்... பிறகு வயலின். கிறிஸ்தவக் கீர்த்தனைகளில் இருக்கும் ராகங்களைப் பற்றி ஒருவர்... பிறகு, சரியாகப் பதினொன்றரைக்கு, வீணை.

வாசிப்பது யார்? என் மனைவி கோமதி!

கோமதியை உங்களுக்குத் தெரியும். நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் அவ்வப்போது வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவாள். பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். வீணை வாசிப்பாள் என்பதை மட்டும் உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? இப்போதுதான் யோசிக்கிறேன். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ரேடியோ ஆடிஷனில் இரண்டு தடவை அவளைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். அந்த இரண்டு வருஷமும் அவள் வகுப்பில் மார்க் கொஞ்சம் குறைவு என்று கேள்வி. மூன்றாவது தடவை தேறினாள். இரண்டு வாரத்துக்கு முன் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தாள். அரை மணி நேரக் கச்சேரி. வாழ்க்கையில் முதல் ஒலிபரப்பு.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே?" என்றேன்.

"மெர்ஸி வீட்டுக்கு. என் வாசிப்ப நாலு பேரு முன்னால உக்காந்து நானே கேட்டா எனக்குக் கூச்சமா இருக்கும். அங்கன ரெண்டு பேருமா கேட்டுட்டு வாரேன்."

மெர்ஸி டீச்சர் அவளுடன் அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். இரண்டு தெரு தள்ளி வீடு.

கேட் வரைக்கும் போனவள் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு. அரை மணி நேரம். காதக் குடுத்துக் கேளுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அரை மணி நேரம்தானே? பூம்பூம் மாடு தோற்றது, அப்படித் தலையை ஆட்டினேன்.

இதற்கு முன்பே நான் சொந்தபந்தங்களுக்கெல்லாம் சொல்லியனுப்பிவிட்டேன். சேரன்மகாதேவியிலிருந்து கோமதியின் அண்ணன் சங்கரன், எனக்கு அத்தான் முறை, முதல் பஸ்ஸிலேயே குடும்பத்தோடு வந்து இறங்கினார். மடியில் ஒரு ரேடியோப் பெட்டி. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சங்கீத விஷயத்தில் தீர்ப்பு சொல்கிறவர் அவர்தான். ஒரே ஒரு டிசம்பரில் சென்னைக்குப் போய் நான்கு கச்சேரி கேட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் குற்றம் கண்டுபிடிக்காத வித்வான் கிடையாது.

"எதுக்கு அத்தான் பெட்டியெல்லாம்? போனிலேயே கேட்கலாமே," என்றேன்.

"போன்ல கேட்டா அது போனு மாப்ள. பெட்டியில கேட்டாத்தான் ரேடியோ."

என் அக்கா பகவதி டவுனிலிருந்து ஒரு பை நிறையத் தேங்காயோடு வந்தாள். "மொத மொதல்ல ரேடியோவுல வாசிக்கா. சொதி வைக்காம எப்படிடே?"

சொதி தெரியாத வெளியூர் வாசகர்களுக்காக: தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்கிற குழம்பு. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போட்டே ஆகவேண்டும். தாலி கட்டியதைக்கூட நாலு பேர் மறந்துவிடுவார்கள். சொதி நீர்த்துப்போனதை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள்.

பதினொன்று பத்துக்கு ஹாலில் எட்டுப் பேர். அத்தான் எழுந்து நின்று ஒரு பித்தளைத் தாம்பாளத்தை நீட்டினார்.

"எல்லாரும் போன சைலண்ட்ல போட்டு இதுல வைங்க. சங்கீதத்துக்கு ஒரு மரியாதை வேணும்லா!"

ஆகா! எவ்வளவு நல்ல யோசனை! முதல் போனை நான்தான் வைத்தேன். அத்தான் தாம்பாளத்தைக் கொண்டுபோய் பூஜை அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

பதினொன்று இருபத்தைந்து. கீர்த்தனைப் பேச்சு முடிகிற நேரம். அறிவிப்பாளர் அம்மா, "நேயர்களே..." என்று ஆரம்பித்தார். எல்லோரும் முன்னால் சாய்ந்தோம்.

கேட் கிரீச்சிட்டது. எதிர்வீட்டுச் செல்லையா அண்ணாச்சி, அவர் மனைவி, மருமகள்.

இப்போது ஒரு கேள்வி. ரேடியோ முக்கியமா, வீட்டுக்கு வந்தவர்கள் முக்கியமா? எங்கள் ஊரில் இதைக் கேள்வி என்றே யாரும் நினைக்க மாட்டார்கள். வந்தவரை 'வாங்க' என்று சொல்லவேண்டும். ஒருத்தர் சொன்னால் போதாது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தரும், வந்த ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகச் சொல்லவேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும், 'அவன் என்னைய வான்னு கேக்கலியே' என்பது அடுத்த பொங்கல் வரைக்கும் ஓடும். எட்டுப் பேர் மூன்று பேரை வரவேற்றால் இருபத்து நான்கு 'வாங்க'. அந்த மூன்று பேரும் பதிலுக்கு எட்டுப் பேரிடம் 'நல்லாருக்கியளா' கேட்கவேண்டும். அது ஒரு இருபத்து நான்கு.

எல்லாம் முடிந்து திரும்பினால், ரேடியோவில் வீணை ஓடிக்கொண்டிருந்தது.

"ஆரம்பிச்சுட்டா! ஆரம்பிச்சுட்டா!" என்று அத்தான் கையை உயர்த்தினார்.

அடுக்களையில் அக்கா மிக்ஸியைப் போட்டாள். அத்தானுடைய பெட்டிக்கு ஒரு பழக்கம்... பக்கத்தில் மிக்ஸி ஓடினால் அதுவும் சேர்ந்து 'கர்ர்ர்' என்று உறுமும். சொதிக்கு முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று மூன்று தடவை எடுக்கவேண்டும். மூன்று தடவையும் கர்ர்ர்.

"அக்கா, கொஞ்சம் பொறுத்து அரைக்கக் கூடாதா?"

"பொறுத்தா ஒரு மணிக்கு யாரு சோறு போடுவா? ரேடியோவா?"

அதற்குள் வந்தவர்களுக்குக் காப்பி. அண்ணாச்சிக்குச் சீனி இல்லாமல். அவர் மனைவிக்குப் பாதி சீனி. மருமகளுக்குக் காப்பியே வேண்டாம், மோர். தட்டைத் தூக்கிக்கொண்டு நான் நடந்த நடையில் ஒரு தனி ஆவர்த்தனம் வாசித்திருக்கலாம்.

நடுவில் அத்தான் வேறு. "இது கல்யாணி. கேளுங்க. இப்ப மேல போவா பாருங்க... கேளுங்க. போயிட்டா பாத்தியளா? கேளுங்க..." கேளுங்க, கேளுங்க என்று அவர் சொன்ன சத்தத்தில் ஐந்து நிமிஷத்துக்கு யாராலும் கேட்க முடியவில்லை.

ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன். மிக்ஸிக்கும் காப்பிக்கும் நடுவில் காதில் விழுந்த கொஞ்சம் வீணை அபாரமாக இருந்தது. 'என் பெண்டாட்டி!' என்று நெஞ்சு நிமிர்ந்தது. கண்கூடக் கலங்கியது. இஞ்சித் துவையலுக்கு வறுத்த மிளகாயின் நெடியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்கு வீணை நின்றது. வாசித்தவர் பெயரை அறிவிப்பாளர் சொல்வார் அல்லவா? அப்போது நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

பத்து நிமிஷத்தில் கோமதியும் மெர்ஸி டீச்சரும் உள்ளே வந்தார்கள். கோமதி வாயைத் திறப்பதற்குள் அக்கா கரண்டியோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"எம்மா! என்னமா வாசிச்சிருக்க! எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு."

கோமதி திகைத்துப்போய் மெர்ஸி டீச்சரைப் பார்த்தாள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இருபது வருஷமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். விடை தப்பு என்று தெரிந்தாலும், எந்த வரியில் தப்பு ஆரம்பித்தது என்று பார்க்காமல் தாளைக் கீழே வைக்க மாட்டாள்.

"அப்படியா மதினி? எந்தப் பாட்டு நல்லா இருந்துச்சு?" என்று பைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எல்லாமேதான்! நீ வாசிச்சா எது நல்லா இருக்காது?"

"அண்ணாச்சி?"

"தேன் தாயி, தேன்! எங்க மருமக அசையாம உக்காந்து கேட்டாள்ன்னா பாத்துக்கோ." மருமகள் மோர் டம்ளருக்குள் பார்த்தாள்.

"அண்ணே, நீ சொல்லு."

அத்தான் தொண்டையைச் செருமினார். "ஏட்டி கோமு, முன்னைக்கு இப்ப ஒரு படி ஏறிட்ட. இல்லன்னு சொல்லல. ஆனா அந்தக் கல்யாணியில கொஞ்சம் அவசரம் தெரியுது. அனுபவம் பத்தாது. போகப் போக வந்துரும்."

"சரிண்ணே." கடைசியாக என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு?"

நான் மனசாரச் சொன்னேன். "தினம் காலையில நீ வீட்டுல வாசிக்கியே... அச்சு அசல் அப்படியே இருந்துச்சு."

மெர்ஸி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியது.

"என் கச்சேரி சாயந்தரம் நாலரைக்கு," என்றாள் கோமதி.

அக்கா கரண்டியைக் கீழே இறக்கினாள்.

"நிகழ்ச்சிய மாத்திட்டாங்க. பதினொண்ணரைக்கு வந்தது எம்பது வயசுப் பெரியவரு ஒருத்தரோட பழைய பதிவு. அவரு வாசிப்ப ஒரு தடவையாவது நேர்ல கேக்கணும்னு ஏங்கிக் கெடந்தவ நான். மொதல்லயும் சொன்னாவ, கடைசியிலயும் சொன்னாவ. உங்களுக்கு ஆறு தடவ போன் போட்டேன்."

பதினோரு பேரும் பூஜை அறைக் கதவைப் பார்த்தோம்.

எண்பது வயசு மகாவித்வானுக்கு அனுபவம் பத்தாது என்று தீர்ப்பு சொன்ன அத்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நிலைமையைச் சமாளிக்கிறேன் பேர்வழி என்று அண்ணாச்சி, "அதுக்கென்ன தாயி, வீணைன்னா எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கும்!" என்றார். அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளியதை நானே பார்த்தேன்.

கோமதி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அறிவிப்பு கேக்காமப் போச்சு, சரி. சத்தம். ஆனா இருவத்திரெண்டு வருசமா இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தான நான் வாசிக்கேன்? இது இவ கை இல்லியேன்னு... ஒருத்தருக்குக்கூடவா தோணல?"

ஒருத்தருக்கு என்று பொதுவாகச் சொன்னாலும், பார்த்தது என்னை.

பிறகு எழுந்துபோய் இலை போட்டாள். அவளே பரிமாறினாள். "இன்னுங் கொஞ்சம் சொதி விடட்டா அண்ணாச்சி?" என்று சிரித்த முகத்தோடு கேட்டாள். நான் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கட்டிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். அன்றைக்குச் சொதி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். தெரியாது.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது யோசித்துப் பார்த்தேன். ரேடியோ கேட்பது என்று நாம் எதைச் சொல்கிறோம்? அது ஒரு பக்கம் ஓடும். நாம் ஒரு பக்கம் ஓடுவோம். அவ்வளவுதானே? வீட்டில் இருக்கிறவர்களையும் அப்படித்தான் கேட்கிறோம். 'ம்... ம்...' என்று சொல்லிக்கொண்டே பேப்பரைப் புரட்டுகிறோம். அவர்கள் நிறுத்திவிட்டு, 'நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்' என்று கேட்கும்போதுதான் நமக்குக் காதே முளைக்கிறது.

சாயங்காலம் நாலு மணிக்கே பதினோரு பேரும் ஹாலில் ஆஜர். யாரும் ஊருக்குப் போகவில்லை. போக முகம் இல்லை. அக்கா மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். அத்தான் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார். கேட்டுக்குப் பூட்டு. தும்மல் வந்த அண்ணாச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். வாசல் நிலையில் சாய்ந்து கோமதி நின்றாள். பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் நிற்கிற அதே நிற்பு.

"அடுத்து, வீணை..." என்று அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொன்னார். ரேடியோவில் என் மனைவியின் பெயர்! அவள் முகத்தைப் பார்க்க ஆசை. திரும்பினால் கவனம் சிதறுகிறது என்று நினைத்துவிடுவாளோ என்று பயம். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வர்ணம் ஓடியது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இதில் எது கோமதி? எங்கே இருக்கிறாள் கோமதி? காலையில் கேட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் இருந்தவனுக்குத் தெரியவில்லை. கச்சேரி முடிந்ததும் 'இப்பச் சொல்லுங்க' என்று கேட்பாளே, என்ன சொல்வேன்?

அடுத்தது கரகரப்பிரியாவில் ஒரு பாட்டு. பல்லவி முடிந்து அனுபல்லவி. வீணை ஒவ்வொரு படியாக மேலே ஏறியது... ஏறியது... உச்சிக்கு ஒரு படி இருக்கும்போது, சட்டென்று நின்றது.

மிருதங்கமும் நின்றது. அறையில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை.

அந்த அமைதியில் என் வாய் தானாகத் திறந்தது. நான் திறக்கவில்லை ஐயா, அதுவாகத் திறந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"கோமதீ... துண்டு!"

பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தான் அடிக்கவே வந்திருப்பார், நடுவில் ரேடியோ இருந்ததால் தப்பித்தேன். வீணை அந்தக் கடைசிப் படியை ஏறி, ஒன்றும் நடக்காதது மாதிரி மேலே போய்விட்டது.

என்ன காரியம் செய்துவிட்டேன்! மெதுவாக வாசலைப் பார்த்தேன்.

கோமதி சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கச்சேரி முடிந்ததும் அத்தான் பாய்ந்தார். "என்ன மாப்ள நீங்க! அந்த எடத்துல விட்டா பாருங்க ஒரு நிறுத்தம்... நான் ஆகான்னு சொல்ல வாயெடுத்தேன். குறுக்க வந்து துண்டு துப்பட்டின்னுக்கிட்டு!"

"அண்ணே, அவுகளத் திட்டாத," என்றாள் கோமதி. "அந்த நிறுத்தமே அவுக போட்டதுதான்."

பிறகு அவளே சொன்னாள். தினமும் காலை ஆறு மணிக்கு அவள் வீணையை எடுப்பாள். கடிகாரம் பார்த்து வாசிக்கிறவள். நான் கடிகாரம் பார்த்துக் குளிக்கிறவன். ஒருநாளும் துண்டை எடுத்துக்கொண்டு போகிறவன் இல்லை. அவள் அந்தப் பாட்டில், அந்த அடியில், உச்சிக்கு ஏறப்போகும்போது குளியலறையிலிருந்து என் சத்தம் கேட்கும். நிறுத்துவாள். "கொடியில கெடக்கு!" என்பாள். அப்புறம்தான் மேலே போவாள். எத்தனை வருஷம்!

"ஸ்டுடியோவுல இவுக ஏது, குளியலறை ஏது? ஆனா கை தன்னால நின்னுட்டு. என்கூட வாசிச்ச மிருதங்கக்காரரும் காலையில நம்ம வீட்டுக்கு வந்து வாசிச்சுப் பழகுனவருல்லா... அவரு கையும் நின்னுட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு பண்ணிக்கிட்டிருந்த சாரு வெளிய வந்து, 'அந்த இடைவெளி இருக்கே, அதுதாம்மா சங்கீதம்'ன்னாரு. நான் என்னத்தச் சொல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாகப் புரண்டன. கடைசியில் நான் என் மனைவியின் வாசிப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். எதை வைத்து? என் கூச்சலை வைத்து!

"பரவால்ல," என்று காப்பி டம்ளரை என்னிடம் நீட்டினாள் கோமதி. "பதினோரு பேர்ல ஒருத்தருக்காவது என் கை தெரிஞ்சுதே."

மறுநாள் திங்கட்கிழமை. இனிமேல் ஒழுங்காக இருப்பது என்று முடிவுகட்டி, கொடியிலிருந்து துண்டை நானே எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் குளியலறைக்குள் போனேன். குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். வீணை ஒவ்வொரு படியாக ஏறியது... ஏறியது... நின்றது.

நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

வீணை மேலே போகவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு எரிச்சலான குரல்.

"ஏங்க! என்ன செய்யுதிய உள்ள? கேட்டுத் தொலையுங்க, எனக்கு அடுத்த அடி வரமாட்டங்கு!"

இடுப்பில் கட்டிய துண்டோடு நான் கத்தினேன்: "கோமதீ... துண்டு!"